தேடினால் வரவில்லை, வந்தால் பொருந்தவில்லை: ஜீனோம் தரவுத்தளச் சிக்கல்களும் அவற்றை அவிழ்க்கும் வழியும்

குச்சிக்கிழங்கு, அதைத் தாக்கும் தேமல் வைரஸ், வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ, ஆமணக்கு, சாமை, ஏற்காட்டுக் காப்பி. சேலம் வட்டாரத்துக் கல்லூரித் திட்டப்பணிகளில் அடிக்கடி தலைகாட்டும் இந்த உயிரிகளை வைத்தே இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் திரையில் என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

போவதற்கு முன் இரண்டு விஷயம். டிஎன்ஏ வரிசைகளைச் சேமிக்கும் பொதுக் கிடங்குகளான அமெரிக்காவின் ஜென்பேங்க், ஐரோப்பாவின் ஈஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே மூன்றும் தினமும் தரவைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்றில் இல்லாத வரிசையை மற்ற இரண்டில் தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சல். இன்னொன்று, எந்தப் பக்கத்திலிருந்து எதை எடுத்தாலும் அக்செஷன் எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்), அதன் புள்ளிக்குப் பின் வரும் பதிப்பு எண், எடுத்த தேதி ஆகியவற்றை நோட்டில் குறித்துவிடுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி, இந்தக் குறிப்பு இல்லாததால் வருபவை.

பெயரைப் போட்டால் எதுவும் வரவில்லை, அல்லது வேறு பயிர் வருகிறது

முதலில் அறிவியல் பெயரைச் சந்தேகியுங்கள். சாமையைப் பழைய வேளாண் நூல்கள் பேனிக்கம் மிலியாரே என்று சொல்லும். இன்று வழங்கும் பெயர் பேனிக்கம் சுமத்ரென்ஸ். பழைய பெயரில் பாதியைத் தட்டியதுமே தேடுபெட்டி பேனிக்கம் மிலியேசியம் என்று தானாக எடுத்துக் கொடுக்கலாம். அவசரத்தில் அதை அழுத்தினால் நீங்கள் போய்ச் சேரும் இடம் சாமை அல்ல, பனிவரகு. பனிவரகின் முழு ஜீனோம் 2019-லேயே வெளியாகிவிட்டது. பக்கம் நிறையத் தரவு கொட்டிக் கிடப்பதால் இடம் மாறி வந்துவிட்டோம் என்ற சந்தேகமே எழாது.

தீர்வு: ஜென்பேங்கை நடத்தும் என்சிபிஐ-யில் நேராக நியூக்ளியோடைடு பெட்டியில் தேடாமல் டாக்ஸானமி பகுதியில் தொடங்குங்கள். பழைய பெயர்களை அது மாற்றுப்பெயராகப் பெரும்பாலும் பதிந்து வைத்திருக்கும். உயிரியின் பக்கம் திறந்ததும் அதன் டாக்ஸ்ஐடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குச்சிக்கிழங்குக்கு 3983, அராபிகா காப்பிக்கு 13443, மனிதனுக்கு 9606. பெயர் மாறினாலும் இந்த எண்ணைக் கொண்டு தேடலாம். அதே பக்கத்தில் நியூக்ளியோடைடு, புரதம், எஸ்ஆர்ஏ (கோக்காத மூலத்தரவு) என்று ஒவ்வொரு கிடங்கிலும் எத்தனை பதிவு இருக்கிறது என்ற அட்டவணை இருக்கும். அந்த எண்ணிக்கையை அழுத்தியே உள்ளே போனால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை.

ரகத்தின் பெயரில் தேடுவது அடுத்த தவறு. முள்ளுவாடி, குங்கும ரோஸ், வெள்ளைத் தாய்லாந்து என்று தட்டினால் ஜீனோம் பக்கத்தில் ஒன்றும் வராததில் வியப்பில்லை. குச்சிக்கிழங்கின் மேற்கோள் ஜீனோம் (மற்றவற்றை ஒப்பிட அடிப்படையாகக் கொள்வது) ஏஎம்560-2 என்ற தன்மகரந்த வழி வந்த செடியிலிருந்து எடுத்தது. நம் வயலில் நிற்பது அதுவல்ல. ரகத்துக்கென்று தரவு இருந்தால் பயோசாம்பிள் பகுதியில் 'கல்டிவார்' என்ற புலத்தில்தான் இருக்கும். அதுவும் ஆங்கிலத்தில் யார் எப்படி எழுத்துக்கூட்டினார்களோ அப்படி. நான்கைந்து விதமாக எழுதித் தேடிப்பாருங்கள்.

ஜீனோம் பகுதியில் பூஜ்யம், எஸ்ஆர்ஏ-வில் மட்டும் பதிவுகள் என்றால், துண்டு துண்டாகப் படித்த மூலத்தரவு கிடக்கிறது, யாரும் அதைக் கோத்துப் பொதுவில் வைக்கவில்லை என்று பொருள். இளநிலைத் திட்டப்பணிக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம். ஒரு மடிக்கணினியால் ஆகிற வேலை இல்லை.

ஒரே பயிருக்குப் பல ஜீனோம்கள் வரிசையாக நிற்கின்றன

2024-ல் பழைய ஜீனோம், அசெம்பிளி பக்கங்களை எடுத்துவிட்டு டேட்டாசெட்ஸ் என்ற ஒரே பகுதியாக என்சிபிஐ மாற்றியது. பழைய கையேடுகளில் உள்ள படங்கள் திரையோடு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். கையேடு தவறல்ல, வீடு இடம் மாறிவிட்டது.

பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது முன்னெழுத்து. ஜிசிஏ என்று தொடங்கினால் ஆய்வாளர்கள் பதிந்தபடி இருப்பது. ஜிசிஎஃப் என்றால் என்சிபிஐ அதைத் தன் ரெஃப்சீக் தொகுப்பில் எடுத்து வைத்தது. குச்சிக்கிழங்கு போன்ற பயிர்களில் அதற்கு மரபணுக்குறிப்பும் என்சிபிஐ-யே எழுதியிருக்கும். மரபணுக்களின் பெயரும் இடமும் தேவையென்றால் ஜிசிஎஃப்-ஐ எடுங்கள். ஜிசிஏ-வில் பல வேளைகளில் டிஎன்ஏ எழுத்து (ஏ, டி, ஜி, சி) மட்டும் இருக்கும், குறிப்பு இருக்காது. "ஜீனோம் இறக்கினேன், அதில் ஒரு மரபணுவும் இல்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் இது.

அடுத்து, கோத்த நிலை, அதாவது படித்த துண்டுகளை எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறார்கள் என்பது. கான்டிக் (இடைவெளியில்லாத துண்டு), ஸ்கேஃபோல்ட் (இடைவெளி விட்டுக் கோத்த துண்டுகள்), குரோமோசோம், கம்ப்ளீட் என்று ஏறுவரிசையில் இருக்கும். ஆமணக்கின் முதல் ஜீனோம் 2010-ல் வந்தது. அது ஆயிரக்கணக்கான ஸ்கேஃபோல்டுகளாகச் சிதறிக் கிடக்கும் வரைவு. ஆமணக்குக்குக் குரோமோசோம் பத்து ஜோடிதான். இரண்டு மரபணு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று அந்த வரைவில் கேட்டால் விடை கிடைக்காது. பிறகு வந்த குரோமோசோம் அளவு ஜீனோமில் கேட்க வேண்டும். ஒரு தனி மரபணுவின் எழுத்து மட்டும் போதும் என்றால் பழைய வரைவே பெரும்பாலும் உதவும்.

என்50 என்ற எண் பலரைக் குழப்புகிறது. ஒரு வண்டிக் கிழங்கைக் கொட்டி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்குங்கள். பெரியதிலிருந்து எடையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்த எடையில் பாதியைத் தொடும்போது உங்கள் கையில் இருக்கும் கிழங்கின் எடைதான் என்50. எண் பெரிதாக இருந்தால் துண்டுகள் நீளமானவை. ஆனால் துண்டுகளைத் தப்பாக ஒட்டினாலும் என்50 கூடும். ஆகவே பக்கத்தில் இருக்கும் பஸ்கோ சதவீதத்தையும் பாருங்கள். எல்லாச் செடியிலும் இருக்க வேண்டிய மரபணுக்களில் எத்தனை இதில் முழுதாக அகப்படுகின்றன என்று அது சொல்லும்.

பிளாஸ்ட் "நோ சிக்னிஃபிகன்ட் சிமிலாரிட்டி ஃபவுண்ட்" என்கிறது

பிளாஸ்ட் என்பது உங்கள் வரிசைக்குப் பொருந்துவதைக் கிடங்கில் தேடும் கருவி. அது கைவிரித்ததும் உங்கள் வரிசை உலகத்துக்கே புதிது என்று மகிழ்வதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்.

முதலில் ஆர்கனிசம் பெட்டி. போன தேடலில் போட்ட உயிரியின் பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அற்பமான காரணம்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது, நிரல். நியூக்ளியோடைடு பக்கத்தில் இயல்பாகத் தேர்வாகி நிற்பது மெகாபிளாஸ்ட். அது 28 எழுத்து அப்படியே ஒத்துப்போகும் இடம் ஒன்றாவது இருந்தால்தான் மேலே பார்க்கும். அதே இனத்தில் தேட இது போதும். ஆமணக்கு மரபணுவை வைத்துக் குச்சிக்கிழங்கில் தேடினால் தவறவிடலாம். இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் 28 எழுத்து தொடர்ந்து ஒத்துப்போக வேண்டுமே. கீழே பிளாஸ்ட்-என் என்பதை மாற்றித் தேர்ந்தால் 11 எழுத்தே போதும். அதிலும் வரவில்லையென்றால் புரத வரிசையை எடுத்து டி-பிளாஸ்ட்-என் போடுங்கள். எழுத்து மாறிய பிறகும் புரதம் மாறாமல் இருப்பது சகஜம்.

மூன்றாவது, தரவுத்தளம். 2024 முதல் இயல்பாக நிற்பது கோர்-என்டி. அதில் மெய்க்கரு உயிரிகளின் குரோமோசோம் வரிசைகளில் பெரும்பகுதி சேர்க்கப்படவில்லை. மரபணுவுக்கு வெளியே உள்ள துண்டு, புரொமோட்டர் (மரபணுவை இயக்கிவைக்கும் பகுதி), இன்ட்ரான் (மரபணுவின் நடுவே புரதமாக மாறாத பகுதி) போன்றவற்றைக் காப்பியிலோ மாவிலோ தேடினால் இங்கே அகப்படாமல் போக வாய்ப்பு அதிகம். ரெஃப்சீக் ஜீனோம் தரவுத்தளத்துக்கு மாற்றி, உயிரியின் பெயரையும் கொடுத்துத் தேடுங்கள்.

நான்காவது, ஒட்டியது என்ன என்று பாருங்கள். புரத எழுத்துகளை நியூக்ளியோடைடு பெட்டியில் போட்டிருந்தால் ஒன்றும் வராது. 20 எழுத்துப் பிரைமரை (பிசிஆரில் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏ) போட்டுவிட்டு ஈ-மதிப்பு பெரிதாக இருக்கிறதே என்று கவலைப்படுவதும் வேண்டாம். ஈ-மதிப்பு என்பது இவ்வளவு பெரிய கிடங்கில் தற்செயலாகவே இத்தகைய பொருத்தம் எத்தனை வரும் என்ற எதிர்பார்ப்பு. வரிசை குட்டையானால் அது தானாக ஏறும். கிடங்கு வளர வளரவும் ஏறும். போன வருடம் சீனியர் எழுதிய ஈ-மதிப்பும் இன்று உங்களுக்கு வருவதும் ஒன்றாக இல்லாததற்கு அதுவே காரணம். யாரும் தப்புச் செய்யவில்லை.

தேடல் பாதியில் நின்று கணிப்பொறி நேரம் தீர்ந்தது என்று செய்தி வந்தால், உயிரியைக் குறுக்கிக் கொடுங்கள் அல்லது நீண்ட வரிசையை வெட்டி அனுப்புங்கள். தேடல் எண்ணை நம்பி முடிவை அங்கேயே விட்டுவிடவும் வேண்டாம். அது நிரந்தரமல்ல, அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேமல் வைரஸின் வரிசை இரண்டு துண்டாகப் பொருந்துகிறது

குச்சிக்கிழங்குத் தேமலுக்கு நம் நாட்டில் காரணமானவை இந்தியன் கசாவா மொசைக் வைரஸும் ஸ்ரீலங்கன் கசாவா மொசைக் வைரஸும். இரண்டும் பெகோமோவைரஸ்கள். ஒவ்வொன்றுக்கும் டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி என்று இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து. சிக்கல் எல்லாம் அந்த 'வட்டம்' என்ற சொல்லில் இருக்கிறது. தரவுத்தளம் எல்லாவற்றையும் கோடாகத்தான் எழுதிவைக்கும். வட்டத்தை எங்கே வெட்டிக் கோடாக்கினார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

நீங்கள் ஒரு வெட்டுநொதியால் வட்டத்தைத் திறந்து குளோன் செய்திருந்தால், உங்கள் வரிசை அந்த நொதியின் வெட்டிடத்தில் தொடங்கும். தரவுத்தளப் பதிவு வேறிடத்தில் தொடங்கும். பிளாஸ்ட் இரண்டையும் ஒப்பிட்டு 1 முதல் 1,100 வரை ஒரு பொருத்தம், 1,101 முதல் முடிவு வரை இன்னொரு பொருத்தம் என்று பிரித்துக் காட்டும். மறுசேர்க்கை நடந்த வைரஸ் இது என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிவிட்டுத் தேர்வாளர் முன் விழிப்பதற்குப் பதில் பத்து நிமிடம் செலவிட்டால் போதும்.

செய்ய வேண்டியது இது. உங்கள் வரிசையை ஒரு உரைக்கோப்பில் இடைவெளி, எண், வரிமுறிவு எதுவுமில்லாமல் ஒரே வரியாக்குங்கள். டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்தைத் தேடுங்கள். இது இந்த வைரஸ் குடும்பத்தின் நகலெடுப்புத் தொடங்கும் இடத்தில் இருக்கும் அடையாளம். ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவில்தான் வைரஸின் நகலெடுப்புப் புரதம் வட்டத்தை வெட்டுகிறது. வழக்கப்படி அந்த வெட்டுக்குப் பின் வரும் 'ஏ'-தான் முதல் எழுத்து. ஆகவே ஏழாவது எழுத்து முடிய உள்ள பகுதியை அறுத்து, கோட்டின் கடைசியில் ஒட்டுங்கள். இப்போது வரிசை 'ஏசி' என்று தொடங்கி 'டிஏஏடிஏடிடி' என்று முடியும். மொத்த எண்ணிக்கை மாறியிருக்கக் கூடாது. எண்ணிப் பாருங்கள்.

ஒன்பது எழுத்து அகப்படவில்லையா? உங்கள் கோடு எதிரிழையாக இருக்கலாம். ஜி-டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ என்று தேடுங்கள். கிடைத்தால் முழு வரிசையையும் ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட் ஆக்கிவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால், நீங்கள் வெட்டிய இடம் அந்த ஒன்பது எழுத்துக்கு நடுவிலேயே விழுந்திருக்கிறதா என்று இரு முனையையும் சேர்த்துப் பாருங்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். 5,400-க்குப் பக்கத்தில் இருந்தால் ஒரே வட்டம் இரண்டு முறை தொடர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. உருளும் வட்ட முறையில் பெருக்கி, நொதி சரியாக வெட்டாமல் போனால் இப்படி ஆகும். 1,400 போலச் சுருங்கியிருந்தால் பாதி இழந்த குறை வட்டமாக இருக்கலாம்.

டிஎன்ஏ-பி வரிசையைத் தேடினால் டிஎன்ஏ-ஏ பதிவுகளும் குட்டையான பொருத்தத்தோடு வந்து நிற்பதும் இயல்புதான். இரண்டு வட்டத்துக்கும் சுமார் 200 எழுத்துக்குப் பொதுப்பகுதி ஒன்று உண்டு. கவரேஜ் என்ற பத்தியைப் பார்த்தால் பத்து சதவீதத்துக்கும் கீழே இருக்கும். அவற்றை ஒதுக்கிவிடலாம்.

இனம் எது என்று முடிவு செய்ய பிளாஸ்ட் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தை எடுக்காதீர்கள். அது பொருந்திய துண்டுக்கு மட்டுமான கணக்கு. பெகோமோவைரஸ் வகைப்பாட்டில் டிஎன்ஏ-ஏ முழுவதையும் முனையிலிருந்து முனைவரை ஒப்பிட்டு 91 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் புது இனம், 94-க்குக் கீழே போனால் புது உட்பிரிவு. ஒரே இடத்தில் தொடங்கும்படி இரண்டையும் திருப்பிய பிறகே இந்த ஒப்பீடு செல்லும். திருப்பாமல் ஒப்பிட்டால் எண் சரிந்து, இல்லாத இனத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒரே பெயருள்ள இரு பதிவில் ஒன்று 99 சதவீதம் பொருந்துகிறது, இன்னொன்று 84

இனம்காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவான சிஓஐ-யை வெள்ளை ஈயில் தேடும்போது இது கட்டாயம் வரும். பெமிசியா டபாசி என்பது ஒரே பூச்சியின் பெயர் என்று பாடநூல் சொன்னாலும், கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் பல இனங்களின் கூட்டம் அது. ஏசியா 1, ஏசியா 2, எம்இஏஎம்1 என்று குழுப்பெயர்கள் உண்டு. சிஓஐ-யில் 3.5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனிக்குழு என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. பதிவின் தலைப்பை மட்டும் பார்க்காமல், உள்ளே ஹாப்லோடைப், நோட் என்ற இடங்களில் குழுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2016-ல் வெளியான வெள்ளை ஈ ஜீனோம் எம்இஏஎம்1 குழுவினுடையது. உங்கள் தோட்டத்து ஈ ஏசியா 1 என்றால், அதிலிருந்து எடுத்த பிரைமர் வேலை செய்யாமல் போகலாம்.

ஜென்பேங்கில் உயிரியின் பெயர் பதிந்தவர் சொன்னதுதான். மாவுப்பூச்சி, அசுவினி, காளான் போன்றவற்றில் தப்பான பெயரோடு கிடக்கும் பதிவுகள் உண்டு. முதலில் நிற்கும் ஒரே பதிவை நம்பாமல், முதல் இருபதில் வெவ்வேறு ஆய்வகங்கள் பதிந்தவை ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

புரதமாக மாற்றினால் நடுவில் நட்சத்திரக்குறி விழுகிறது

நட்சத்திரம் என்றால் நிறுத்தக் கோடான், புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து. நடுவில் ஒன்றிரண்டு விழுந்தால் காரணம் ஒன்று, வரிக்கு மூன்று நான்கு விழுந்தால் காரணம் வேறு.

வரிசை முழுக்க இறைந்து கிடந்தால் சட்டகம், அதாவது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கத் தொடங்கும் இடம், தவறு. ஆறு சட்டகத்தையும் ஓட்டிக்காட்டும் ஓஆர்எஃப் ஃபைண்டரில் போட்டு நீளமானதை எடுங்கள். அதிலும் குட்டை குட்டையாகவே வந்தால் நீங்கள் எடுத்தது குரோமோசோம் எழுத்து, இன்ட்ரானோடு சேர்த்து. ஜீன் பக்கத்திலிருந்து சிடிஎஸ் (புரதமாக மாறும் பகுதி மட்டும்) என்ற இணைப்பை அழுத்தி எடுங்கள். பதிவில் 'காம்ப்ளிமென்ட்' என்று எழுதியிருந்தால் மரபணு எதிரிழையில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் தொடக்கமான ஏடிஜி-யைத் தேடிக் களைத்துப்போவீர்கள், அது கடைசியில் சிஏடி என்று நிற்கும்.

பூச்சியின் சிஓஐ-யில் சீரான இடைவெளியில் நட்சத்திரம் விழுந்தால் மரபுக்குறியீட்டு அட்டவணை தவறு. பூச்சி மைட்டோகாண்ட்ரியாவுக்கு 5-ஆம் அட்டவணை, முதுகெலும்பிகளுக்கு 2, பாக்டீரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் 11. 5-ஆம் அட்டவணையில் டிஜிஏ நிறுத்தம் அல்ல, டிரிப்டோஃபேன். அட்டவணையை மாற்றிய பிறகும் ஒன்றிரண்டு நட்சத்திரமும் சட்டக உடைவும் மிஞ்சினால், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்குள் எப்போதோ குடிபெயர்ந்து செத்துப்போன நகலை உங்கள் பிரைமர் பிடித்திருக்கிறது. அதை இனம்காணப் பயன்படுத்த வேண்டாம்.

செடிகளின் பசுங்கணிக மரபணு சில, ஏடிஜி இல்லாமல் ஏசிஜி என்று தொடங்கும். ஆர்என்ஏ ஆன பிறகு அந்த சி திருத்தப்பட்டு யு ஆகிவிடும். பிழையல்ல.

அராபிகாவில் எதைத் தேடினாலும் இரண்டு இரண்டாக வருகிறது

வரத்தான் வேண்டும். ஏற்காட்டுச் சரிவில் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் அராபிகா, இரண்டு காட்டு இனங்கள் கலந்து உருவான நாற்படி உயிரி, அதாவது நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளது. ஒரு பக்கம் ரொபஸ்டா எனும் கனெஃபோரா, மறுபக்கம் யூஜினியாய்டிஸ். பெற்றோருக்கு 22 குரோமோசோம், அராபிகாவுக்கு 44. தரவுத்தளத்தில் குரோமோசோம் பெயர்களே 1சி, 1ஈ, 2சி, 2ஈ என்று ஜோடியாக இருக்கும். 'சி' கனெஃபோராவழி, 'ஈ' யூஜினியாய்டிஸ்வழி. ஒரே மரபணுவின் இரு வடிவம் இந்த இரண்டிலும் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான எழுத்து இரண்டிலும் ஒன்றே.

இதைக் கவனிக்காமல் பிரைமர் போட்டால் ஆய்வகத்தில் வேறு உருவில் வெடிக்கும். ஜெல்லில் ஒரே பட்டை, அழகாக. சாங்கர் முறையில் வரிசை படித்த வரைபடம் வந்தால் இடையிடையே ஒரே இடத்தில் இரு சிகரம். சில இடங்களில் மட்டும் இரட்டைச் சிகரம் என்றால் இரு வடிவமும் சேர்ந்து பெருகியிருக்கின்றன. ஒரு இடம் வரை தெளிவாக வந்து, அதற்குப் பின் எல்லாமே குழம்பியிருந்தால் அந்த இடத்தில் ஒரு வடிவத்தில் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. பிசிஆர் நிலைமையைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

வழி: 13443 என்று உயிரியைக் குறுக்கி இரண்டு வடிவத்தின் வரிசையையும் எடுங்கள். இரண்டையும் அடுக்கி ஒப்பிட்டு, எழுத்து மாறும் இடங்களைக் குறியுங்கள். பிரைமரின் 3' முனையின் கடைசி எழுத்து அப்படி ஒரு இடத்தில் விழும்படி அமையுங்கள், இரண்டு இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு பிரைமர்-பிளாஸ்டில் அராபிகா ஜீனோமின் மேல் ஓட்டி, ஒரே குரோமோசோமில் மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். 2014-ல் வந்த ரொபஸ்டா ஜீனோமின் மேல் ஓட்டிவிட்டு "ஒரே இடம்தான்" என்று திருப்தி அடைவது பெரிய ஏமாற்றம். அதில் மறுபாதியே கிடையாது.

எஸ் 795 ரகச் செடியாக இருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. அதன் மூதாதையில் லைபீரிகாவின் துண்டு கலந்திருக்கிறது. இலைத்துரு நோய்க்கு எதிரான எஸ்எச்3 மரபணு அந்த வழியாக வந்ததுதான். அந்தப் பகுதியிலிருந்து எடுத்த வரிசை அராபிகா மேற்கோளோடு சுமாராகவும் லைபீரிகாவோடு நன்றாகவும் பொருந்தினால், மாதிரி மாறிப்போயிற்று என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கட்டுரையில் சொன்ன இடத்துக்குப் போனால் அங்கே வேறு மரபணு இருக்கிறது

பதிப்பு மாறியிருக்கிறது. குச்சிக்கிழங்கில் ஜிசிஎஃப்_001659605 என்ற ஒரே எண்ணுக்குப் புள்ளி 1 என்றால் ஆறாம் பதிப்பு, புள்ளி 2 என்றால் எட்டாம் பதிப்பு. புள்ளியை விட்டுவிட்டு எழுதிய கட்டுரையின் இடஎண்ணை நேராகப் பயன்படுத்த முடியாது. மனித ஜீனோமிலும் இதே கதைதான்: 2009-ன் ஜிஆர்சிஎச்37, 2013-ன் ஜிஆர்சிஎச்38. கட்டுரையிலிருந்து மரபணுவின் எழுத்தையோ பிரைமரையோ எடுத்து, புதிய பதிப்பில் பிளாஸ்ட் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பதே நம்பகமான வழி.

ஒரே ஒரு எழுத்து மட்டும் முன்பின்னாக இருந்தால் எண்ணும் முறை வேறு. மரபணுக்களின் இடங்களைப் பட்டியலிடும் கோப்பு வகைகளில் ஜிஎஃப்எஃப் கோப்பு 1-லிருந்து எண்ணும், இரு முனையும் சேரும். பெட் கோப்பு 0-லிருந்து எண்ணும், கடைசி சேராது. 1001 முதல் 2000 வரை என்று முன்னதில் இருப்பது பின்னதில் 1000, 2000 என்று இருக்கும். இரண்டும் ஆயிரம் எழுத்துதான்.

செடிகளின் ஜீனோம் தளமான ஃபைட்டோசோமில் மேனெஸ் என்று தொடங்கும் பெயரும் என்சிபிஐ-யில் எல்ஓசி என்று தொடங்கும் பெயரும் தனித்தனிக் குழு வைத்தவை. பெயரை வைத்து ஜோடி சேர்க்க முயலாமல் புரத வரிசையை இரு பக்கமும் தேடுங்கள். அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் ஒன்றையொன்று முதலிடத்தில் காட்டினால் அதுவே ஜோடி.

இறக்கிய கோப்பு திறக்கவில்லை, அல்லது எக்செல் கெடுத்துவிட்டது

கரன்ட் போய் வந்தாலும், மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் கோப்பு பாதியில் நின்றிருக்கும். உலாவி அதை முடிந்ததாகவே காட்டலாம். சிப் உடன் வரும் எம்டி5 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். பெரிய ஜீனோமுக்கு டேட்டாசெட்ஸ் கட்டளைக் கருவியில் 'டீஹைட்ரேட்டட்' முறையில் முதலில் சிறு பட்டியலை மட்டும் இறக்கி, பிறகு 'ரீஹைட்ரேட்' செய்யுங்கள். அறுந்தால் திரும்ப ஓட்டலாம். நோட்பேடில் ஜீனோமைத் திறக்க முயலாதீர்கள், கணினி உறைந்துவிடும்.

மரபணுப் பட்டியலை எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் மனிதனின் செப்ட்2 மரபணு செப்டம்பர் 2-ஆம் தேதி ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் அவற்றின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். பழைய பட்டியல்களில் இன்னும் இருக்கிறது. இறக்குமதி செய்யும்போது அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

நீங்கள் பதிந்த வரிசை திரும்பி வந்துவிட்டது

முதல் காரணம், மாதிரி எடுத்த இடமும் தேதியும் விடுபட்டிருக்கும். இப்போது இரண்டும் கட்டாயம். நாட்டை முதலில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, பிறகு மாநிலம், ஊர் என்று போடுங்கள். வெறும் சேலம் என்று எழுதினால் அமெரிக்காவில் ஆரிகனிலும் மாசசூசெட்ஸிலும் ஒவ்வொரு சேலம் இருக்கிறது. ஏற்காடு என்றால் வடக்கு 11.78, கிழக்கு 78.21 என்ற அளவில் வரும். தோட்டத்திலேயே கைபேசியில் எடுத்துக்கொண்டால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

இரண்டாவது காரணம், முனைகளில் குளோனிங் வெக்டர் ஒட்டிக்கொண்டிருப்பது. வெக்டரைக் கண்டுபிடிக்கும் கருவியான வெக்ஸ்கிரீனில் ஓட்டி, சிவப்பாகக் காட்டும் பகுதியை அறுத்துவிட்டு அனுப்புங்கள். மூன்றாவது, சிடிஎஸ் என்று குறித்த பகுதிக்குள் நிறுத்தக் கோடான். அதற்கு மேலே நட்சத்திரக்குறித் தலைப்புக்குத் திரும்பிப் போகவேண்டும்.

ஏற்கெனவே வெளியான பதிவில் பிழை கண்டால், அதைப் பதிந்தவர்தான் திருத்த முடியும். உங்கள் பதிவு என்றால் அக்செஷன் எண்ணோடு ஜென்பேங்க் புதுப்பிப்பு முகவரிக்கு எழுதுங்கள். வரிசையில் ஒரு எழுத்து மாறினாலும் புள்ளிக்குப் பின் உள்ள எண் ஒன்று கூடும். பழைய பதிப்பும் அங்கேயே இருக்கும், உங்கள் ஆய்வேட்டில் எது அச்சாகியிருக்கிறதோ அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.